பினாங்கில் இருக்கும் என் சிறுநீரகம்

ஐம்பத்தொரு வயதில் முதன்முதலாக விமானம் ஏறினேன். கோபத்தோடு ஏறினேன். சன்னலோர இருக்கை கிடைத்தும் மேகத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தம்பியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

தம்பி முருகேசன் இருபத்திரண்டு வயதில் திண்டுக்கல்லிலிருந்து மலேசியாவுக்கு வேலைக்குப் போனவன். பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறான். அங்கேயே பிறந்து வளர்ந்த கலாவைக் கட்டிக்கொண்டு, கடலுக்கு இந்தப் பக்கம் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் டத்தோ கிராமாட் பகுதியில் குடியிருக்கிறான். பிள்ளைகள் இல்லை. ஆறு வருடங்களுக்கு முன் அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. மதுரைக்கு வந்தான். சோதித்துப் பார்த்ததில் என்னுடையது பொருந்தியது. ஒன்றைக் கொடுத்தேன்.

இதைச் சொன்னதும் கேட்பவர்கள் முகம் மாறும். குரல் தாழும். எனக்கு அது பழகிவிட்டது. திண்டுக்கல்லில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் இருபத்தெட்டு வருடமாக ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் எனக்கு 'லேப் அக்கா' என்றுதான் பெயர். ஆறு வருடமாக நான் 'தம்பிக்குக் கிட்னி கொடுத்த அக்கா'. கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். வேண்டாம் என்று நான் சொன்னதில்லை.

கலா போன் செய்தபோது காலை மாதிரிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய ரிப்போர்ட் சரியில்லை, யார் சொல்லியும் கேட்கவில்லை, நீங்கள் நேரில் வந்து சொன்னால் கேட்பார் என்றாள். கிரியாட்டினின் எவ்வளவு என்றேன். சொன்னாள். சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் எண் அது. கீழே இருக்க வேண்டும். ஒன்றரைக்குள் இருந்தது இப்போது இரண்டைத் தாண்டியிருந்தது. அன்று நான் ஊசி குத்திய ஒரு பெரியவருக்குக் கை வீங்கிப் போனது. இத்தனை வருடத்தில் எனக்கு அப்படி நடந்ததில்லை.

வீட்டில் சொன்னபோது என் கணவர், "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தார். ஆறு வருடமாக அந்த வாக்கியத்தை நாக்கிலேயே வைத்திருந்தார் போலும். அவரோடும் ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

பினாங்கு விமான நிலையத்தில் முருகேசன் நின்றிருந்தான். உடம்பு போட்டிருந்தான். முகத்தில் ஒரு ஊதல். இது கொழுப்பா நீரா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டிப்பிடித்துக்கொண்டான். கணுக்காலில் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றால் ஷூ போட்டிருந்தான்.

நேராக வீட்டுக்குப் போவான் என்று நினைத்தேன். ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினான். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடை. நாசி கண்டார் என்று பெயர். பெரிய பெரிய தட்டுகளில் மீன் தலை, ஆட்டுக்கறி, வெண்டைக்காய், மீன் சினை, கோழி என்று வரிசையாக இருக்கும். நாம் காட்டக் காட்டச் சோற்றின் மேல் வைத்துக்கொண்டே போவார்கள். முருகேசன் கரண்டிக்காரரிடம், "அண்ணே, குழம்பு பன்ஜிர் போடுங்க" என்றான். பன்ஜிர் என்றால் மலாயில் வெள்ளம். அவர் நான்கு பாத்திரங்களிலிருந்தும் அள்ளி அள்ளி ஊற்றினார். சோறு மூழ்கிவிட்டது.

எவ்வளவு உப்பு என்று என் கண் கணக்குப் போட்டது. "இதச் சாப்பிடலாமாடா?" என்றேன். நீ வந்ததுக்குத்தான் என்று சிரித்துவிட்டு மீன் தலையைப் பிரித்தான். எனக்கும் ஒரு தட்டு வந்தது. அந்தக் குழம்பு நன்றாக இருந்தது. அதுவும் கோபத்தைக் கிளப்பியது. பாதியில் கையைக் கழுவிக்கொண்டேன். சாப்பாட்டை வீணாக்காதே என்று சின்ன வயதில் அவனை நூறு முறை அடித்தவள் நான்.

டத்தோ கிராமாட் வீட்டில் கலா வாசலுக்கு வந்து பையை வாங்கிக்கொண்டாள். பசியாறிட்டிங்களா என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் கணவனின் சட்டையில் இருந்த குழம்புக் கறையைப் பார்த்துவிட்டாள். உள்ளே போனாள். அடுப்பில் அவள் சமைத்து வைத்திருந்த மதியச் சாப்பாடு மூடியபடி இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. முருகேசன் ஓவர்டைம் என்று காலையிலேயே மோட்டார்சைக்கிளில் ஃபெரிக்குக் கிளம்பிவிட்டான். கடலைத் தாண்டி வேலைக்குப் போய்வருவது எங்கள் ஊரில் பேருந்து பிடித்து வத்தலக்குண்டு போய்வருவது மாதிரி அவனுக்கு.

அவன் போனதும் அக்கம்பக்கத்தார் வர ஆரம்பித்தார்கள். என்னைப் பார்க்க. ஒருவர் ஆரஞ்சு கொண்டுவந்தார். ஒருவர் சாமிப் படம் கொண்டுவந்தார். ஒரு அம்மாள் என் இடுப்பைத் தொட்டு, "இந்தப் பக்கமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் என்ன கோயில் தூணா என்று மனசுக்குள் கடுகடுத்தேன். ஆனால் முகத்தில் ஒரு சாந்தமான சிரிப்பு தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. ஆறு வருடத்துப் பழக்கம்.

எல்லோரும் போன பிறகு தேநீர் போடச் சர்க்கரை தேடினேன். கலா குளித்துக்கொண்டிருந்தாள். மேல் அலமாரியில் ஒரு பிஸ்கட் டின். திறந்தால் மாத்திரை அட்டைகள். பிரிக்காதவை. உடம்பு மற்றவரின் உறுப்பை எதிர்க்காமல் இருப்பதற்காக, வாழ்நாள் முழுக்கக் காலையும் மாலையும் தவறாமல் போட வேண்டிய மாத்திரைகள். ஒட்டியிருந்த சீட்டுகளில் மூன்று மாதத்துத் தேதிகள் இருந்தன.

மேடைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். கோபம் வந்தால் எனக்குக் காது அடைக்கும். கலா குளியலறையிலிருந்து வந்து என் பின்னால் நின்றதுகூடத் தெரியவில்லை.

மாலை மாத்திரையை அவன் போடுவதில்லை என்று ஒரு மாதத்துக்கு முன்னால்தான் கண்டுபிடித்தாளாம். கேட்டதற்குச் சத்தம் போட்டானாம். அதனால்தான் எனக்குப் போன் செய்தாளாம். அதை ஏன் போனிலேயே சொல்லவில்லை என்று அவள்மேல் பாய்ந்தேன். நீ என்ன பெண்டாட்டி, வீட்டில் ஒரு டப்பாவைத் திறந்து பார்க்க உனக்கு இரண்டு மாதமா என்றேன். அதற்கு மேலும் சொன்னேன். அதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கலா ஈரத் துண்டை நாற்காலியில் போட்டாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"நீங்க கிட்னி குடுத்திங்க அண்ணி. இல்லன்னு சொல்லல. நான் ஆறு வருஷமா ரெண்டு சட்டி வச்சு உப்பில்லாம சமைக்கிறேன். அவரு அத விட்டுட்டு கடையில சாப்ட்டு வராரு. எனக்கு யாரும் மால போடல லா" என்று அந்த ஊர் இழுப்போடு முடித்தாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. அதற்காகவும் அவள்மேல் கோபம் வந்தது.

சாயங்காலம் முருகேசனைப் பிடித்து உலுக்குவது என்று இருந்தேன். கலா தடுத்தாள். மறுநாள் காலை ஒரு சமூக நல மன்றத்தில் எனக்குப் பாராட்டு விழா ஏற்பாடு செய்திருந்தார்கள். நான் வருவது தெரிந்து அவர்களாகவே வந்து கேட்டார்களாம். விழா முடியட்டும், பிறகு நிதானமாகப் பேசலாம் என்று கெஞ்சினாள். அவன் வந்தான். பேசாமல் சாப்பிட்டேன். பேசாமல் படுத்தேன். என் இடது விலாவுக்குக் கீழே இருக்கும் தையல் கோடு அன்று முழுக்க அரித்தது. அது நிஜமாக அரித்ததா, கோபத்தில் அப்படித் தோன்றியதா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் என் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம். திருட்டு வழக்கில் பிடிபட்டவள் மாதிரி இருந்தேன். கீழே 'தியாகச் சுடர்' என்று எழுதியிருந்தது. மன்றத் தலைவர் வெள்ளைச் சட்டையில் வந்து பொன்னாடை போர்த்தினார். தாய்மை, தன்னலமின்மை, தமிழ்ப்பெண் என்று அரை மணி நேரம் பேசினார். என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்தது மொத்தம் ஒரு வரி. அந்த வரியை இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டே இருந்தார். எங்கள் ஊர்த் தலைவர்களும் இப்படித்தான். கடல் தாண்டினாலும் மைக்கைப் பிடித்த கை ஒன்றுதான்.

முருகேசன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். தலைவர் என்னைப் புகழும்போதெல்லாம் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குனிந்து தட்டிலிருந்த உப்புக்கடலையை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

என்னைப் பேச அழைத்தார்கள். கொடுப்பதன் மகிழ்ச்சி என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கொடுப்பவர் கொடுத்ததை மறந்துவிட வேண்டும் என்று அதன் கடைசி வரி. அதை எழுதியவளும் நான்தான். மைக் முன்னால் நின்றேன். அவன் கை மறுபடியும் தட்டுக்குப் போனது. காகிதத்தை மடித்துவிட்டேன்.

"நான் கொடுத்த சிறுநீரகம் இங்கதான் முதல் வரிசையில உக்காந்திருக்கு. மூணு மாசமா அது மருந்து சாப்பிடறதில்ல. அலமாரியில ஒளிச்சு வச்சிருக்கு" என்றேன்.

சிலர் சிரித்தார்கள், வேடிக்கைப் பேச்சு என்று. பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்கள். கலா வாயைப் பொத்திக்கொண்டாள். முருகேசன் எழுந்தான். தட்டை நாற்காலிமேல் வைத்தான், கவனமாக, ஒரு கடலைகூடச் சிந்தாமல். பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனான். கலா பின்னால் ஓடினாள். தலைவர் மைக்கை வாங்கி, அடுத்து சிற்றுண்டி என்று அறிவித்தார்.

நானும் வெளியே வந்தேன். வெயில். அவர்களைக் காணவில்லை. மண்டபத்துக்குள் திரும்பிப் போக முடியாது. சாலையைக் கடந்து நிறுத்தத்தில் நின்றேன். ஒரு பேருந்து வந்தது. பலகையைப் படிக்காமல் ஏறினேன். ஓட்டுநர் ஒரு மலாய்க்காரர். பத்து ரிங்கிட் தாளை நீட்டினேன். மீதி இல்லை, சில்லறையாகப் போடுங்கள் என்று பெட்டியைக் காட்டினார். நடத்துநர் இல்லாத பேருந்து என்ன பேருந்து என்று தமிழிலேயே அவரைத் திட்டினேன். அவர் பொறுமையாகத் தலையசைத்தார். தாளைப் பெட்டியில் திணித்துவிட்டுக் கடைசி இருக்கைக்குப் போனேன்.

டத்தோ கிராமாட் பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்று நினைத்தேன். அடுக்குமாடிகள் போயின. விமான நிலையம் போனது. கடல் வந்தது, பிறகு அதுவும் போனது. தென்னையும் வாழையும் டுரியான் மரங்களுமாக ஒரு மலையடிவாரம் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "பாலிக் பூலாவ்" என்றார். தீவின் மறுபக்கத்து ஊர். வழி தவறிய நானே என்மேல் கோபப்பட வேண்டும். ஓட்டுநர்மேல் கோபப்பட்டுக்கொண்டே இறங்கினேன்.

சந்தைத் தெருவில் ஒரு சீன அம்மாள் ஜாதிக்காய்ச் சாறு விற்றுக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். என் தோளில் இருந்த பொன்னாடையைப் பார்த்துவிட்டு, கல்யாணமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்போதுதான் அதை இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. உருவி மடித்தேன். ஒரு முக்காலியைத் தள்ளினார். உட்கார்ந்தேன். சாறு புளிப்பும் உறைப்புமாக, தொண்டையில் இறங்கும்போது ஒரு மருந்து வாசனையோடு இருந்தது. எங்கள் ஊரில் ஜாதிக்காயை உரசிக் குழந்தைகளுக்குக் கொடுப்போம். அதைக் கோப்பை கோப்பையாகக் குடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

கல்யாணம் இல்லை, விழா என்றேன். என்ன விழா என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். என் சிறுநீரகம், என் தம்பி. சொல்லிவிட்டு அவர் முகம் மாறுவதற்காகக் காத்திருந்தேன்.

அவர் ஐஸ் கட்டியை உடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமல், "வலித்ததா?" என்று கேட்டார்.

கோப்பையைக் கீழே வைத்தேன். ஆறு வருடத்தில் என்னிடம் அதை யாரும் கேட்கவில்லை. டாக்டர்கள் கேட்டார்கள், ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று. அது வேறு. ஊரில், வீட்டில், தம்பி, கணவர், ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் கொடுத்ததன் மதிப்பு குறைந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

ரொம்ப, என்றேன். பத்து நாள் திரும்பிப் படுக்க முடியவில்லை. தும்மலுக்குப் பயந்தேன். இன்றும் மழைக்காலத்தில் இழுக்கும். கொடுத்திருக்கவே கூடாது என்று மூன்றாம் நாள் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். இதையெல்லாம் பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் சொல்லிக்கொண்டே போனேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. நடுவில் வேறு ஆள் வந்தால் சாறு ஊற்றிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். கடைசியில், பசித்தால் எதிர்க்கடையில் லக்சா நன்றாக இருக்கும், போய்ச் சாப்பிடு என்றார். அவ்வளவுதான்.

போய்ச் சாப்பிட்டேன். மீனை வேகவைத்து உதிர்த்து, புளி போட்டுக் கொதிக்கவைத்த குழம்பில் தடித்த சேமியா மாதிரி ஒன்று. மேலே வெங்காயம், புதினா, அன்னாசித் துண்டு. ஒரு கரண்டியில் கறுப்பாக ஒரு இறால் விழுது தந்தார்கள். முகர்ந்தால் ஓடிப்போகத் தோன்றும். கலக்கிச் சாப்பிட்டால் நிறுத்த முடியவில்லை. மூக்கும் கண்ணும் ஒழுகின. அதில் எது காரம், எது அழுகை என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. கிண்ணத்தை வழித்துவிட்டு இன்னொன்று வாங்கினேன்.

பிறகு கலாவுக்குப் போன் செய்து இடத்தைச் சொன்னேன். முக்கால் மணி நேரத்தில் முருகேசன் வந்தான். காரை அங்கே காடி என்கிறார்கள். "காடியில ஏறு" என்றான்.

திரும்பும் வழி மலைமேல் ஏறி இறங்குகிறது. வளைவுக்கு வளைவு குரங்குகள். ஒரு வளைவில், சாலையோரம் கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான்.

"அக்கா, நீ குடுத்தியா, வாடகைக்கு விட்டியா?" என்றான்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறு வருடமாகத் தினமும் காலையில் நான் போன் செய்வதைச் சொன்னான். எவ்வளவு தண்ணீர் குடித்தாய், எவ்வளவு மூத்திரம் போனாய், என்ன சாப்பிட்டாய். அவன் எப்படி இருக்கிறான் என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லையாம். அது எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டேனாம். வேலையிடத்தில், கோயிலில், பசாரில் அவனைப் பார்க்கிறவர்கள் எல்லாம் அக்கா நல்லா இருக்காங்களா, நீ குடுத்து வச்சவன் என்கிறார்களாம்.

"நான் என்னமோ உன் பொருள வச்சிருக்கற ஸ்டோர் ரூம் மாதிரி. ஒருநாள் ராத்திரி மாத்திர எடுக்க மறந்துட்டேன். மறுநாள் எந்திரிச்சப்ப ஒண்ணும் ஆகல. அன்னைக்கி முழுக்க நான் யாருக்கும் நன்றி சொல்லவேணாம்னு இருந்துச்சு லா. அப்பறம் வேணும்னே விட்டேன்."

"செத்துப் போவடா" என்றேன்.

"செத்தா அது என் சாவு. அது ஒண்ணாவது என்னோடதா இருக்கட்டும்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. கையால் முன்பலகையை அறைந்தேன். ஒருமுறை அல்ல. குரங்குகள் மரத்துக்கு ஏறின. எனக்கு வலிச்சுச்சுடா என்று கத்தினேன். பத்து நாள் திரும்பிப் படுக்க முடியல, ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நீ கேட்டியா என்றேன்.

இரண்டு லாரிகள் எங்களைக் கடந்து போயின.

"கேட்டா நீ ஆமாம்னு சொல்லுவ. அதக் கேட்டுட்டு நான் என்ன பண்றது க்கா" என்றான்.

அவன் அழுதான். நான் அழவில்லை, எனக்கு இன்னும் கோபம் இருந்தது. ஆனால் அது அவனை விட்டு மெல்ல என் பக்கம் திரும்புவது தெரிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாண வீட்டு முன்வரிசை நினைவுக்கு வந்தது. லேப்பில் புதிதாக யார் வந்தாலும், நான் சொல்லாவிட்டாலும் வேறு யாராவது சொல்லட்டும் என்று அந்தப் பேச்சை இழுத்துவிடும் என் சாமர்த்தியம் நினைவுக்கு வந்தது. ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு, கொடுத்தவள் என்ற பட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதை எடுத்துவிட்டால் நான் யார் என்று என்னிடம் கேட்டால், ரத்தம் எடுப்பேன் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. அப்படி ஒரு வெறுமையை நிரப்ப ஒரு மனிதன் உயிரோடு இருந்து தினமும் எனக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. "உனக்கு என்ன வேணும்னாலும் செஞ்சுக்கோ. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறதும் போகாததும் உன் இஷ்டம்" என்றேன். வாயில் அது மிரட்டல் மாதிரிதான் வந்தது. அவன் வண்டியை எடுத்தான்.

திங்கட்கிழமை காலை அவனே எழுந்து சட்டை போட்டான். நானும் செருப்பை மாட்டினேன். "நீ வேணாம். கலா வரட்டும்" என்றான். இருபத்தெட்டு வருடமாக ரிப்போர்ட் படிக்கிறவளை வீட்டில் விட்டுவிட்டு, மலாயும் ஆங்கிலமும் கலந்து டாக்டர் சொல்வதைக் கேட்டு அப்படியே ஒப்பிக்கிற கலாவைக் கூட்டிக்கொண்டு போனான். நான் அந்த வீட்டில் துடைக்க ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அடுப்பு மேடையை மூன்று முறை தேய்த்தேன்.

மதியம் கலா போன் செய்தாள். உடம்பு அந்த உறுப்பை எதிர்க்க ஆரம்பித்திருந்தது. அன்றே சேர்த்துவிட்டார்கள். சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மூன்று நாள் தொடர்ந்து ஊசிமருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். போன பலத்தில் கொஞ்சம் திரும்பாது, மீதியைக் காப்பாற்றலாம், இனி ஒரு வேளை மாத்திரை தவறினாலும் பிழைப்பு டயாலிசிஸில்தான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாராம். மாத்திரைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கலா சொன்னதற்கு, முருகேசன், இல்லை, நானே எடுப்பேன் என்றானாம். எடுப்பானா என்று கலா என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

செவ்வாய்க்கிழமை முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன். உள்ளே போய் ஐந்து நிமிடம் நின்றால், தொங்கும் மூத்திரப் பையின்மேல்தான் என் கண் போனது. அளவுக் கோட்டைப் படிக்காமல் இருப்பதற்குச் சுவரைப் பார்க்க வேண்டியிருந்தது. அவனுக்கு அது தெரிந்தது. கலாவுக்கும் தெரிந்தது. மாலையில் கலா என்னை வெளியே கூட்டிவந்து, நாளைக்கு நீங்க வர வேணாம் அண்ணி, எங்கயாச்சும் சுத்திட்டு வாங்க என்றாள். அவள் குரலில் மரியாதை குறையவில்லை. ஆனால் கேட்கவும் இல்லை, சொன்னாள்.

கோபித்துக்கொண்டுதான் புதன்கிழமை கொடிமலைக்குப் போனேன். மலைமேல் ரயில் ஏறுகிறது. சரிவு அவ்வளவு செங்குத்து. தனியாக ஒரு மலைக்கு நான் போனதே இல்லை. கொடைக்கானல் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். அங்கேகூட யாருக்காவது துணையாகத்தான் போயிருக்கிறேன்.

வியாழக்கிழமை மாலை மூன்றாவது ஊசி. மறுநாள் எனக்கு விமானம். வார்டு வாசலில் ஒரு தமிழ் நர்ஸ், சின்ன வயசுப் பெண், பதிவேட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். நீங்கதான் அந்த டோனரா என்று கேட்டாள். அவள் குரல் தாழ்வதைக் கேட்டேன்.

"நான் அவனுக்கு அக்கா" என்றேன்.

எழுதிக்கொண்டாள். உள்ளே போனேன்.

முருகேசன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. முகத்து ஊதல் சற்று வடிந்த மாதிரி இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டேன். கலா சன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள்.

பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"நேத்து கொடிமலைக்குப் போனேன்" என்றேன்.

"தனியாவா?" என்றான். "எப்படி இருந்துச்சு?"

கண்றாவியா இருந்துச்சு என்று ஆரம்பித்தேன். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றதைச் சொன்னேன். முன்னால் நின்ற ஆள் முதுகுப்பையால் என் மூக்கில் மூன்று தடவை இடித்ததைச் சொன்னேன். ரயிலில் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டார்கள், சன்னலே தெரியவில்லை. மேலே போனால் பனி, கடலையும் காணோம், கடல்மேல் இருக்கிற பாலத்தையும் காணோம், ஒரே வெள்ளை, இதைப் பார்க்கவா இத்தனை பேர். ஐஸ் கச்சாங் என்று ஒன்று வாங்கினால் அடியில் சோளமும் ராஜ்மாவும் கிடக்கிறது, ஐஸில் யாராவது சுண்டலைப் போடுவார்களா. அங்கே ஏறி இறங்கி நடந்ததில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அப்புறம் கடைசியாக ஒரு நிமிடம் பனி விலகியது, தீவு முழுக்கத் தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு ஆள் படம் எடுக்க என்னை நகரச் சொன்னான், நகர மாட்டேன் என்று அங்கேயே நின்றேன்.

கலா சன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்கினாள். முருகேசன் ஊசி குத்தியிருந்த கையை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மெல்ல சிரி, குழாய் ஆடுது என்று அவனை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, அந்த ஐஸில் கிடந்த சோளத்தைப் பற்றி மறுபடியும் முதலிலிருந்து திட்ட ஆரம்பித்தேன்.